மேகம் கறுத்தால் கரையேறலாமா?

கடந்த புரட்டாசியில் ஒரு நாள். சிதம்பரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலனிப் பெண்கள் பதினான்கு பேர் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுமனைப் பட்டா மனுவில் கையெழுத்து வாங்கப் போயிருந்த நாங்கள், வேலை முடியட்டும் என்று வரப்பில் நின்றிருந்தோம். பிற்பகல் இரண்டு மணி இருக்கும். தலைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. மேற்கே மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் மலைபோல எழும்பி நின்றது. நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். "மேகம் தலை விரிச்சிடுச்சு, ஏறுங்கடி" என்றார்.

ஆள் கூட்டி வந்த மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. "வெயிலு இந்தப் போடு போடுது, மழை எங்க வருது? இன்னும் இருபது முடிதான். போட்டுட்டு ஏறுங்க. இப்பவே ஏறினா அரை நாள் கூலிதான்" என்றார். பெண்கள் ஆயாவைப் பார்த்தார்கள், மேஸ்திரியைப் பார்த்தார்கள், மறுபடி குனிந்தார்கள். கால் மணி நேரத்தில் குளிர்ந்த காற்று ஒன்று மண்வாசனையோடு வந்தது. அதன்பிறகுதான் எல்லோரும் கரையேறி ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். இரண்டு வயல் தள்ளி நின்ற பனையில் இடி விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரை நாள் கூலிதான் கொடுத்தார்கள்.

அன்று காலை செய்தியில் நாங்களும் வானிலை கேட்டிருந்தோம். "கடலூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை பெய்யக்கூடும்." அறிவிப்பு தப்பில்லை. ஓர் இடத்தில் பெய்தது. அந்த ஓர் இடம் எது என்பதைத்தான் அது சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வானிலைத் துறை 'ஓரிரு இடங்களில்' என்று சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழை அளவிடும் நிலையங்களில் கால்வாசி வரைக்கும் மழை பதிவாகலாம் என்பது அதன் பொருள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால்வாசிக்கு மேல். கடலூர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,700 சதுர கிலோமீட்டர். ஒரு இடி மேகம் ஐந்து, பத்து கிலோமீட்டர் அகலத்தில் எழும்பி, ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்துவிடும். காலையில் அது பிறந்தே இருக்காது. சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள ரேடார்கள் அது பிறந்த பிறகு பார்க்கின்றன. அதை வைத்துத்தான் 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' என்ற அறிவிப்பு வருகிறது. அந்த அறிவிப்பும் பெரும்பாலும் மாவட்டத்தின் பெயரோடு நின்றுவிடும். எந்த வயல், எந்த வரப்பு என்பதைக் கடைசி அரை மணி நேரத்தில் சொல்லக்கூடியது வானம் மட்டும்தான். அதை அண்ணாந்து பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் காலனிகளில் இருக்கிறார்கள். படித்ததன்படி நடக்கத்தான் அவர்களுக்கு அனுமதி இல்லை.

ஆயா பார்த்தது என்ன? மாணவர்கள் சமூக அறிவியல் பாடத்தில் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம், கார்திரள் மேகம் என்று படித்திருப்பீர்கள். காலையில் பஞ்சுப் பொதிபோல ஆங்காங்கே மிதப்பது திரள் மேகம். அதனால் தொல்லை இல்லை. வெயில் ஏற ஏற, ஈரமான காற்று சூடாகி மேலே போகிறது. பொதி காலிஃப்ளவர் போலப் புடைத்து, அகலத்தைவிட உயரம் கூடி வளரத் தொடங்கினால் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் அது பதினைந்து கிலோமீட்டருக்கு மேலும் வளரும். விமானங்கள் பறப்பதே பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரில்தான். அந்த உயரத்துக்குப் போன பிறகு மேலே ஏற வழியில்லாமல் மேகத்தின் உச்சி பக்கவாட்டில் பரவுகிறது. உச்சி முழுவதும் பனித்துகள். புடைப்பு மழுங்கி, கொல்லன் பட்டறைக் கல்லைப்போலத் தட்டையாக விரியும். பாடநூலின் கார்திரள் மேகம் இதுதான். ஆயா 'தலை விரிச்சிடுச்சு' என்று சொன்னதும் இதைத்தான். மின்னல் அதற்குள் தயாராகிவிட்டது என்று பொருள்.

வெயில் அடிக்கிறதே என்று மேஸ்திரி கேட்டார். மேகத்தின் அடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக்கூட, வெயில் அடிக்கிற இடத்தில் மின்னல் விழுந்ததுண்டு. மின்னல் வெட்டியதிலிருந்து இடிச் சத்தம் கேட்கும்வரை எண்ணிப் பாருங்கள். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் சத்தம் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் வயலிலேயே விழலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வயலில் இறங்கக் கூடாது. இது உலகமெங்கும் சொல்லப்படுகிற கணக்கு.

குளிர்ந்த காற்றுக்கும் காரணம் உண்டு. பக்கத்தில் எங்கோ மழை விழத் தொடங்கி, அதோடு கீழே இறங்கிய குளிர்காற்று தரையோடு பரவி நம்மிடம் முதலில் வந்து சேர்கிறது. சில நாள்களில் அந்தக் காற்றின் முகப்பில், அடிவானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அலமாரித் தட்டுபோல ஒரு கறுத்த மேகம் உருண்டு வரும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வந்தபின் ஓட நேரம் இருக்காது.

இன்னொரு வகை உண்டு. விரிந்த தலையின் அடியில் பை பையாக மாட்டு மடிபோலத் தொங்கும். மாலை வெயில் பட்டால் பொன்னிறமாகத் தெரியும். வெளிநாட்டு நூல்களில் அதற்குள்ள பெயருக்கும் லத்தீனில் மடி என்றுதான் பொருள். உலகம் அழியப்போகிறது என்று அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மடி மேகம் தானாக எதுவும் செய்யாது. ஆனால் பக்கத்தில் ஒரு பெரிய இடி மேகம் இருக்கிறது அல்லது இப்போதுதான் கடந்து போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

மேகங்களுக்கு இன்று உலகம் வழங்கும் லத்தீன் பெயர்களை 1802-இல் முன்வைத்தவர் லூக் ஹோவர்ட். லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர். வானிலை அவருக்குப் பொழுதுபோக்கு. 1896-இல் முதல் உலக மேக விளக்கப்படநூல் வெளிவந்தது. 2017-இல் உலக வானிலை அமைப்பு அதைப் புதுப்பித்தபோது, அலையடிக்கும் கடலைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல இருக்கும் ஒரு மேக வடிவத்துக்கு 'ஆஸ்பெரிடாஸ்' என்று பெயரிட்டுச் சேர்த்தது. இங்கிலாந்தில் மேகம் பார்ப்பதில் ஆர்வம் கொண்டவர்கள் சங்கம் அமைத்து, படங்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கேட்டு வாங்கிய அங்கீகாரம் அது. மகிழ்ச்சிதான். மொட்டை மாடியில் நின்று ரசித்தவர்கள் சொன்னது நூலில் ஏறியது. ஐம்பது வருடம் குனிந்து நட்டபடியே வானத்தைக் கவனித்தவர் சொன்னது மேஸ்திரி காதில் ஏறவில்லை.

தமிழில் எம்.ஏ. படித்த காலத்தில் மேகத்துக்கு எத்தனை பெயர் என்று நாங்கள் மனப்பாடம் செய்தோம். முகில், மஞ்சு, எழிலி, கொண்டல், கார், மங்குல் என்று நீளும். தேர்வில் மதிப்பெண் கிடைத்தது. எந்த மேகத்துக்குக் கரையேற வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதை நடவு வயலில்தான் கேட்டுக்கொண்டோம்.

இந்த அறிவு நம்மிடம் தற்செயலாக வந்ததில்லை. ஏரிப் பாசனம் இருந்த ஊர்களில் மதகைத் திறந்து மூடி, மடை மடையாகத் தண்ணீர் கட்டி, மழை இரவுகளில் கரையில் காவல் கிடந்தவர்கள் நீர்க்கட்டிகள். பல ஊர்களில் அந்த வேலை ஒடுக்கப்பட்ட சாதியாருடையது. கூலி தானியமாக வரும். இருட்டில் மேகம் பார்த்து, காற்று பார்த்து, எப்போது கலங்கல் வழியும் என்று சொன்னவர்கள் அவர்கள். கரை உடைந்தால் பழியும் அவர்கள் தலையில். ஊருக்குச் சேதி சொல்லும் வேலையும் நம்மவர்கள் கழுத்தில்தான் பறையாகத் தொங்கியது. வெள்ளம் வருகிறது, ஏரி நிரம்புகிறது, வரி கட்டு, எல்லாவற்றுக்கும் தண்டோரா. அந்த இழிவை நிறுத்தி ஒலிபெருக்கி வாகனத்தைப் பயன்படுத்துங்கள் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். நல்ல முடிவு, தாமதமான முடிவு. ஆனால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ பல ஊர்களில் ஊர்த்தெருவைச் சுற்றிவிட்டு, காலனி முக்குவரை வந்து திரும்பிவிடுகிறது. பாதை சேறு என்பார்கள். சேறாக இருப்பதால்தானே அங்கே முதலில் சொல்ல வேண்டும்?

செல்போன் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 'தாமினி' செயலி நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். தமிழக அரசின் 'டி.என். அலர்ட்' செயலி உண்டு. ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் மாணவர்கள் இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள், வீட்டாருக்கும் காட்டுங்கள். ஆனால் நடவு நடும் கையில் போன் இருக்காது. அது தூக்குவாளிக்குப் பக்கத்தில், பையில், மரத்தடியில் இருக்கும். பலரிடம் இருப்பது பட்டன் போன்.

இனி நமக்கு மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். அன்று ஓடினோம் என்றோமே, எங்கே ஓடினோம்? முதலில் பெண்கள் ஓடியது வேப்பமரத்தடிக்கு. மின்னலுக்கு மரத்தடிதான் மோசமான இடம். கத்தி நிறுத்தினோம். நூறு அடியில் நிலக்காரரின் மோட்டார் கொட்டகை, சிமென்ட் தளம் போட்டது, கதவு திறந்தே கிடந்தது. யாரும் அதில் ஏறவில்லை. வாசலில் வந்து நின்று நனைந்தார்கள். நாங்கள் உள்ளே போகச் சொன்னபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்புறம் எதாவது சொல்வாங்கப்பா" என்றார் ஆயா. மேகத்தைப் பார்த்துப் பயப்படாமல் முடிவு சொன்ன அதே பெண்மணி. நாங்கள் முன்னால் ஏறிய பிறகுதான் அவர்கள் ஏறினார்கள். மோட்டாரையும் குழாயையும் சுவிட்சையும் தொடாமல் நடுவில் நில்லுங்கள் என்றோம். கோயில் மண்டபம், ஊர்த்தெருத் திண்ணை, களத்துமேட்டுக் கொட்டகை எல்லாவற்றிலும் இதே தயக்கம். பேரிடர் மேலாண்மைக் கையேடுகள் 'அருகில் உள்ள பாதுகாப்பான கட்டடத்துக்குச் செல்லவும்' என்கின்றன. அந்தக் கட்டடம் யாருடையது, அதில் யார் ஏறலாம் என்பதைக் கையேடு எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். இயற்கைச் சீற்றங்களால் அந்த ஆண்டு இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இறந்தவரின் சாதி அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் இடி விழும் பிற்பகலில் திறந்த வயலில் யார் குனிந்து நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

நூறு நாள் வேலையிலும் இதே கதை. 2023 ஜனவரி முதல் செயலி வழியாக நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகை பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டாவது படத்தில் முகம் இல்லாவிட்டால் அன்றைய கூலிக்குச் சிக்கல். சித்திரை, வைகாசிக் கோடை இடியும் மதியத்துக்கு மேல்தான். ஏரி உள்வாயில், ஒதுங்க ஒரு கூரை இல்லாத இடத்தில், சிக்னல் கிடைத்துப் படம் விழும்வரை பெண்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். இடி இடித்தால் அந்த இரண்டாவது படம் வேண்டாம் என்று ஒரு வரி உத்தரவு போட என்ன செலவு?

அறிவிப்பே வேண்டாம், ஆயா போதும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மேகம் பார்ப்பது அரை மணி நேரத்துக்கு உதவும். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் 'அகல் வட்டம் பகல் மழை' என்பார்கள். உயரத்தில் பனித்துகள் கொண்ட மெல்லிய மேகம் பரவுவதால்தான் அந்த வட்டம் தெரிகிறது. சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. புயல் எங்கே கரை கடக்கும் என்பதை வட்டம் சொல்லாது. அதற்கு நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை மையம்தான் வேண்டும். அவர்கள் சொல்லும் சொற்களையும் நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் தாண்டினால் கனமழை, பதினொன்றரை தாண்டினால் மிக கனமழை, இருபதரை எட்டினால் அதி கனமழை.  2023 டிசம்பரில் தென்மாவட்டங்களுக்கு அதி கனமழை எச்சரிக்கை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 21-ம் அதி கனமழை, 95-ம் அதி கனமழை.

அளவு ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றாக இருப்பதில்லை. பத்து சென்டிமீட்டர் மழை ஊர்த்தெருவில் ஒரு நாள் ஈரம். கலங்கல் ஓடைக் கரையிலும் வயலைவிடத் தாழ்ந்த மனையிலும் இருக்கும் காலனியில் அது இடுப்பளவுத் தண்ணீர். 2015 நவம்பரில் பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு உயிர்களையும் கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை பதிவானது. எங்கே எத்தனை சென்டிமீட்டர் என்று மறுநாள் நாளிதழில் பட்டியல் வரும். எத்தனை சென்டிமீட்டரில் எந்தக் காலனிக்குள் தண்ணீர் நுழையும் என்ற பட்டியல் எந்த வட்டாட்சியர் அலுவலகத்திலும் நாங்கள் பார்த்ததில்லை.

அதை நாமே தொடங்கலாம். மாணவர்கள் இருக்கிறீர்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் ஆடாமல் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அடிமட்ட அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்துக்குத்தான் கணக்கு முடிக்கிறது. பக்கத்திலேயே தண்ணீர் எந்த வீட்டுப் படியைத் தொட்டது என்றும் எழுதுங்கள். முந்தின மாலை மேகம் எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். இரண்டு ஐப்பசி, கார்த்திகை எழுதினால் போதும். மனைப்பட்டா வேறு இடத்தில் வேண்டும் என்று கேட்கும்போது, 'வருஷா வருஷம் தண்ணி வருதுங்க' என்று வாயால் சொல்வதற்கும் அந்த நோட்டை மேசையில் வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

அந்தக் கிராமத்தின் காலனி மக்களோடு சேர்ந்து ஒரு மனு எழுதினோம். நவம்பர் 1 கிராம சபைக்கு. இடி கேட்டால் வேலையை நிறுத்துவது, நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. மோட்டார் கொட்டகையும் களத்துமேடும் யார் வேண்டுமானாலும் ஒதுங்கத் திறந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி வண்டி முதலில் காலனிக்குள் வர வேண்டும். எழுதும்போது ஒரு பெரியவர் சிரித்தார், "மேகத்துக்கெல்லாமா தீர்மானம் போடுவாங்க" என்று. நிலக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னார். இருக்கலாம். ஆனால் கணக்குப் பார்த்தோம். நடவிலிருந்து அறுவடை வரைக்கும், வேலை நேரத்தில் இடி இடித்து வயலைவிட்டு ஏற வேண்டியிருந்த நாள்கள் எத்தனை என்று பெண்களையே கேட்டோம். விரல் விட்டு எண்ணினார்கள். ஒரு கைக்கு மேல் போகவில்லை.

மனுவில் முதல் கைநாட்டு ஆயாவுடையது. வைத்துவிட்டு, "அன்னைக்குப் பிடிச்ச அரை நாள் கூலியையும் இதுல எழுதிடு தம்பி" என்றார். எழுதியிருக்கிறோம்.